உன் மூஞ்சியில் முழிக்கமாட்டேன்

முடிதிருத்தும் கடை என்றால் சுவரெல்லாம் கண்ணாடி. சின்னவர் கடையிலும் எதிரும் புதிருமாகக் கண்ணாடிகள் இருந்தன. உட்கார்ந்தவரின் தலை அவற்றுக்குள் ஒன்றன்பின் ஒன்றாகத் தேய்ந்துகொண்டே போகும். ஆனால் சின்னவர் அவற்றில் தன் முகத்தைப் பார்த்து யாரும் பார்த்ததில்லை. வெட்டும்போது கண் தலையை விட்டு நகராது. கடைசியில் பிடரியைக் காட்டக் கைக்கண்ணாடியைப் பிடிப்பார். அப்போதும் பார்வை சுவர்க் காலண்டரில் இருக்கும். "சரியா இருக்கா சார்?" என்று காலண்டரைக் கேட்பதுபோலக் கேட்பார். புதிதாக வருகிறவர்கள் கூச்சசுபாவம் என்று எடுத்துக்கொண்டார்கள். ஒருவர் மட்டும் கண்ணில் ஏதோ கோளாறு என்று நினைத்து, கத்தியை எடுத்ததும் எழுந்து போய்விட்டார்.

தன் முகத்தையும் சின்னவர் தடவித்தான் மழித்துக்கொள்வார். இடது கையின் நடுவிரல் முன்னே போகும், வலது கையில் கத்தி பின்னே வரும். ஒரு மயிர் தப்பாது.

இத்தனைக்கும் காரணம், கோபத்தில் எல்லோரும் சொல்லிவிட்டு மறுநாள் மறந்துபோகிற ஒரு வார்த்தை. சின்னவர் மறக்கவில்லை, அவ்வளவுதான்.

பெரியவரும் சின்னவரும் இரட்டையர். இருவருக்கும் கால் மணி நேரம் வித்தியாசம். அந்தக் கால் மணி நேரத்துக்காக அம்மா சின்னவரை ஆயுசு முழுக்க "அண்ணே" போடவைத்தாள். அச்சில் வார்த்த முகங்கள். அடையாளத்துக்காக அப்பா சிறு வயதிலேயே ஒரு ஏற்பாடு செய்தார்: பெரியவருக்கு இடப்பக்க வகிடு, சின்னவருக்கு வலப்பக்க வகிடு. இருவரும் ஒரே கடையில் பக்கத்துப் பக்கத்து நாற்காலிகளில் வேலை பார்த்தபோதும் ஊர் அந்த வகிட்டை வைத்துத்தான் பிரித்துப் பார்த்தது.

அதில்தான் வினை வந்தது. ஒரு நாள் பெரியவர் ஏதோ பேச்சு சுவாரசியத்தில் மரக்கடைக்காரரின் காது மடலில் கத்தியை இழுத்துவிட்டார். பஞ்சு வைத்து அழுத்தியதும் ரத்தம் நின்றது. அவசர வேலை என்று மரக்கடைக்காரர் எழுந்து போனார். சாயங்காலம் திரும்பி வந்தபோது சட்டைக் காலரில் கறை, காதில் பிளாஸ்திரி, கண்ணில் அனல். கடை நிறைய ஆட்கள். யார் வெட்டினது என்று அவர் கேட்கவில்லை. தனக்கே தெரியும் என்று நினைத்தார். வெட்டியவரின் வகிடு எந்தப் பக்கம் என்று அவர் நன்றாகவே பார்த்துவைத்திருந்தார். ஆனால் நாற்காலியில் உட்காருகிறவன் வெட்டுகிறவனைக் கண்ணாடியில்தானே பார்க்கிறான்? கண்ணாடியில் தன் இடது கைப்பக்கம் தெரிந்த வகிட்டை, நேருக்கு நேர் வந்து நின்று அதே இடது கைப்பக்கம் தேடினார். அங்கே சின்னவர் நின்றார். பளாரென்று ஒரு அறை.

நான் இல்லை என்று சின்னவர் சொல்லவில்லை. அது அண்ணனைக் காட்டிக்கொடுத்ததாக ஆகும். நான்தான் என்று பெரியவர் சொல்வார் என்று காத்திருந்தார். பெரியவர் சொல்லவில்லை. முதுகைக் காட்டிக்கொண்டு யாருக்கோ வெட்டிக்கொண்டிருந்தார். அறை விழுந்த சத்தத்துக்குக்கூட அந்தக் கத்தரி நிற்கவில்லை. கன்னம் எரிந்ததைவிட, நிற்காத அந்தக் கத்தரிச் சத்தம்தான் சின்னவருக்குப் பொறுக்கவில்லை.

கடை காலியானதும் தன் சீப்புகளையும் கத்தரிகளையும் துண்டில் சுற்றினார். "இனிமே செத்தாலும் உன் மூஞ்சில முழிக்கமாட்டேன்" என்று சொல்லிவிட்டு இறங்கினார்.

மறுநாள் காலை பல் தேய்க்கப் போனார். குழாய்க்கு மேலே மாட்டிய கண்ணாடியில் அண்ணன் நின்றுகொண்டிருந்தார். சின்னவரின் வலப்பக்க வகிடு கண்ணாடிக்குள் போய் இடம் மாறி, அச்சு அசல் பெரியவராகவே, வாயில் நுரையோடு. சின்னவர் அப்படியே பார்வையைக் குழாய்க்கு இறக்கினார். அன்று இறங்கிய பார்வை பிறகு ஏறவில்லை.

வகிட்டை மாற்றிப் பார்க்கலாமே என்று மனைவி சொன்னாள். "எதுக்கு? அவருக்காக நான் தலையை மாத்திக்கணுமா?" என்றார்.

இரண்டு தெரு தள்ளி வேறு கடை போட்டார். பத்துப் பன்னிரண்டு வருஷம் ஓடியது. வருஷத்தில் மற்ற நாட்களை எப்படியோ ஓட்டிவிடலாம். வருஷப்பிறப்புதான் இடித்தது.

வருஷப்பிறப்புக்கு முந்தின நாள் சாயங்காலமே அவர் மனைவி சாமி அறையில் கனித்தட்டு வைத்துவிடுவாள். மாம்பழம், வாழைப்பழம், வெற்றிலை பாக்கு, பூ, கழுத்தில் கிடக்கிற ஒற்றைச் சங்கிலி, நடுவில் சாய்த்துவைத்த கண்ணாடி. காலையில் ஒவ்வொருவரையும் கண்ணை மூடவைத்துக் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் அதன் முன்னால் நிறுத்தித் திறக்கச் சொல்வாள். புது வருஷத்தில் முதலில் கண்ணில் படுவது நல்லதாக இருக்க வேண்டும். அவ்வளவுதான் சாத்திரம். மகள் கல்யாணமாகிப் போகும்வரை இரண்டு பேர். பிறகு இவர் ஒருவர்தான் கூட்டிப்போக.

சண்டைக்குப் பிறகு வந்த முதல் வருஷப்பிறப்பில் சின்னவர் கண்ணைத் திறந்து மாம்பழத்தை மட்டும் பார்த்தார்.

"கண்ணாடியப் பாருங்க."

"பழத்தப் பாத்தாச்சு. போதும்."

"பழத்தப் பாக்கறதுக்குக் கடைக்குப் போனா ஆகாதா? கண்ணாடி எதுக்கு வைக்கிறாங்கன்னு தெரியுமா உங்களுக்கு? பழம், பூவு, தங்கம் எல்லாம் நல்லதுன்னா, அதுக்கு நடுவுல தெரியற உன் மூஞ்சியும் நல்லதுதான், அந்த நெனப்போட வருஷத்த ஆரம்பின்னு அர்த்தம்."

"யாரு சொன்னா?"

"நான்தான் சொல்றேன். வேற யாரு சொல்லணும்?"

அடுத்த வருஷம் அவளே கண்ணாடியைக் கூரையைப் பார்த்துப் படுக்கவைத்துவிட்டாள். அதில் மின்விசிறி தெரிந்தது. "எங்க வீட்டு ஃபேனுக்கு வருஷா வருஷம் அமோகமா இருக்கு" என்று தங்கையிடம் போனில் சொல்லிச் சிரித்தாள். சிரிப்பு முடிந்த பிறகும் போனைக் காதிலேயே வைத்திருந்தாள்.

இந்த வருஷம் பிறப்பதற்கு முந்தின நாளும் கடையில் வழக்கமான நெரிசல். வருஷப்பிறப்பன்று யாரும் முடியில் கை வைக்கமாட்டார்கள், கடையும் திறக்காது. அதனால் ஊரே முந்தின நாள் தலையைத் தூக்கிக்கொண்டு வந்துவிடும். நாற்காலியில் கணக்கு வாத்தியார். பெஞ்சில் காய்கறிக்கடைக்காரர் வாராந்தரி ஒன்றைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

"சார், நாளைக்குப் பொறக்கற வருஷத்துக்கு என்ன பேரு?" என்றார் காய்கறிக்கடைக்காரர்.

"பராபவ."

"அப்படின்னா?"

"தோல்வி. அவமானம்னும் சொல்லலாம்."

"அடப்பாவமே. மொத்தம் அறுபது பேரு இருக்காமே, அதுல நல்லதா ஒண்ணு சிக்கலியா நமக்கு?"

"நல்ல பேரு வச்ச வருஷத்துல நீ என்னத்தக் கிழிச்ச? அழுகின தக்காளியத்தான் வித்த."

பெஞ்சு முழுக்கச் சிரித்தது. வாத்தியார் தலையை ஆட்டாமல் சிரிக்கப் பழகியவர். தொடர்ந்தார்: "அறுபது பேரும் ஒரு சுத்து வந்து முடிஞ்சா மறுபடி மொதல்லேர்ந்து. ஒருத்தன் பொறந்த வருஷத்தோட பேரு அவனுக்கு அறுபது ஆகறப்போ திரும்பி வரும். வாழ்க்கையில ஒரு தடவதான் வரும். ரெண்டாந்தடவ வாங்கறவன் நூத்தியிருபதுக்கு இருக்கணும்."

"எங்கம்மா பராபவன்னுதான் சொல்லும்" என்றார் சின்னவர், கத்தரியை நிறுத்தாமல்.

"பொறந்தது அதுலயா? அப்ப உங்க வருஷம் திரும்பி வருதுன்னு சொல்லுங்க. ரெண்டு பேருக்கும்."

சொல்லிவிட்டு வாத்தியார் உதட்டைக் கடித்துக்கொண்டார். பெஞ்சில் பக்கம் புரளும் சத்தம் நின்றது. பிறகு, ஆரம்பித்ததை முடித்துவிடுவதுதான் மரியாதை என்பதுபோலக் கண்ணாடியில் சின்னவரைப் பார்த்தபடியே பேசினார். சின்னவர் பார்வை அவர் பிடரியில் இருந்தது.

"தெரிஞ்சிருக்கும் உங்களுக்கு. போன மாசம் அவருக்கு ஒரு பக்கம் இழுத்துடுச்சு. கை கால் தேறிடுச்சு. வாய்தான் கோணலா நின்னுபோச்சு. பேச்சும் குழறுது. கடையக் கை மாத்தியாச்சு. நாளைக்கு மத்தியானம் பையன் தன்னோட ஊருக்குக் கூட்டிட்டுப் போறான். இனிமே இந்தப் பக்கம் வர்றது இல்லைன்னு பேச்சு."

"தலையக் கொஞ்சம் குனிங்க சார்" என்றார் சின்னவர்.

வேலை முடிந்து துணியை உதறியபோது வாத்தியாரின் இடது கிருதா வலதைவிட ஒரு நூல் ஏறியிருந்தது. அவர் கணக்கு வாத்தியார், கவனித்தார். சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்தபோது மனைவி மாம்பழங்களைத் துடைத்துக்கொண்டிருந்தாள். செய்தி அவளுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. போன மாசமே தெரிந்திருந்தது. இரண்டு தடவை போய்ப் பார்த்துவிட்டும் வந்திருந்தாள்.

"எங்கிட்ட சொல்லல."

"சொன்னா என்ன பண்ணியிருப்பீங்க? போயிருப்பீங்களா?"

சின்னவர் கை கழுவப் போனார். பார்வை குழாயில்.

"நாளைக்கு மத்தியானம் போறாங்க" என்று அவள் அங்கிருந்தே சொன்னாள். "காலையில ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வந்துடுங்க. அப்புறம் பாக்கணும்னாலும் ராத்திரி முழுக்க வண்டியில போகணும். நீங்க போகவும் மாட்டீங்க."

"சொன்னது சொன்னதுதான்."

"என்ன சொன்னீங்க? மூஞ்சில முழிக்கமாட்டேன்னீங்க. சரி. அந்த மூஞ்சி இப்ப அவர்கிட்ட இல்லியே! ஒரு பக்கம் கண்ணு எறங்கி, உதடு எறங்கி, ஆளே வேற மாதிரி இருக்காரு. நீங்க எந்த மூஞ்சில முழிக்கமாட்டேன்னீங்களோ அது இப்ப ஒலகத்துலயே உங்க ஒருத்தர்கிட்டதான் இருக்கு. அதை வச்சுகிட்டு வீம்பு புடிங்க."

சின்னவர் குழாயை மூடினார். ஈரக் கையைத் துடைக்காமல் வெகுநேரம் நின்றார்.

விடிகிற நேரத்தில் மனைவி வந்து தோளைத் தொட்டாள். "கண்ணத் தொறக்காதீங்க. எந்திரிங்க." அது வருஷா வருஷம் கேட்கிற குரல். சின்னவர் எழுந்து கையை நீட்டினார். அவள் பிடித்துக்கொண்டாள். படுக்கையறை வாசலைத் தாண்டி இடது பக்கம் திரும்பினால் சாமி அறை. அவள் வலது பக்கம் திருப்பினாள்.

"செருப்பப் போட்டுக்குங்க."

"சாமிகிட்டப் போறதுக்குச் செருப்பா?"

"தரை ஈரமா இருக்கு. போடுங்க."

கால் விரல்களால் தடவிச் செருப்பைக் கண்டுபிடித்து மாட்டிக்கொண்டார். தாழ்ப்பாள் விலகியது. முகத்தில் குளிர் காற்று பட்டது. சாமி அறையில் காற்று வீசாது என்பது தெரியாத அளவுக்கு அவர் விவரமில்லாதவர் அல்ல. ஒரு நிமிஷம் படியிலேயே நின்றார். மனைவியும் இழுக்கவில்லை. கண்ணைத் திறந்தால் முடிந்தது. திரும்பி உள்ளே போய்ப் படுத்துக்கொள்ளலாம். யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். அவள்கூட.

திறக்கவில்லை. "படி எத்தன?" என்று மட்டும் கேட்டார், தன் வீட்டுப் படியை.

தெருவில் யாரோ வாசல் தெளித்துக்கொண்டிருந்தார்கள். பால்காரரின் சைக்கிள் மணி பக்கத்தில் வந்து நின்றது. "என்னண்ணி, அண்ணனுக்குக் கண்ணுல என்ன?"

"தூசி விழுந்துடுச்சு."

"ரெண்டு கண்ணுலயுமா?"

"பெரிய தூசி" என்றாள்.

சின்னவருக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார். தெருமுனை திரும்பியதும் சோப்பு, பவுடர், நனைந்த முடி கலந்த வாசனை வந்தது. பழைய கடையைத் தாண்டுகிறார்கள். யார் கைக்கோ போய்விட்ட கடை. வாசனை இன்னும் போகவில்லை. அங்கே அவர் நடை தளர்ந்தது. மனைவி விரல்களை இறுக்கினாள். அதற்கப்புறம் வலது பக்கம் ஒரு சந்து, இரும்புக் கதவு, ஏறுவதற்கு இரண்டு படி. ஒன்றையும் அவள் சொல்லவேண்டியிருக்கவில்லை. கால் சொன்னது.

கதவைத் திறந்த அண்ணி "ஐயோ" என்றாள். பிறகு சத்தத்தை விழுங்கிக்கொண்டு, "உள்ள கூட்டிட்டு வா" என்றாள். அறைக்குள் அட்டைப்பெட்டி வாசனையும் தைல வாசனையும். ஒரு நாற்காலி கிறீச்சிட்டது.

"ம்... இப்ப தொறங்க" என்றாள் மனைவி.

திறந்தார்.

பெரியவர் ஒரு முழ தூரத்தில் உட்கார்ந்திருந்தார். முகத்தின் வலப்பாதி சின்னவருக்குத் தெரிந்ததுதான், நரைத்திருந்தது. இடப்பாதி தனியாகக் கீழே இறங்கி எதற்கோ துக்கப்பட்டுக்கொண்டிருந்தது. இடது கண் முழுக்க மூடாமல் நீர் கோத்திருந்தது. எதிரில் நின்று அண்ணி தலைவாரிவிட்டிருக்கிறாள் போல. வகிடு பக்கம் மாறி வலப்பக்கம் விழுந்திருந்தது. சுற்றிலும் கயிறு கட்டிய பெட்டிகள். கனித்தட்டு எதுவும் வைத்திருக்கவில்லை; பாத்திரமெல்லாம் மூட்டைக்குள். வருஷப்பிறப்புக்கென்று அந்த வீட்டில் அன்று இருந்தது ஒரு கிண்ணத்தில் வேப்பம்பூவும் வெல்லமும் போட்ட பச்சடி மட்டும். அண்ணி அதைக் கரண்டியால் ஊட்டிக்கொண்டிருந்திருக்கிறாள். பாதி உள்ளே போயிருந்தது. பாதி இடது கடைவாய் வழியாக வழிந்து மோவாயில் நின்றது.

"கசப்பு வெளிய வந்துச்சா, இனிப்பு வெளிய வந்துச்சான்னு தெரியல" என்றாள் அண்ணி, எதையாவது சொல்லவேண்டுமே என்று.

யாரும் சிரிக்கவில்லை. சகோதரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெரியவரின் வலப்பக்க உதடு அசையப் பார்த்தது. சின்னவர் அதைப் பார்க்கவில்லை. அவர் கண் தொழிலுக்குப் போய்விட்டது. வலது கன்னம் சுத்தமாக மழித்திருந்தது. இடது கன்னத்தில் அங்கங்கே திட்டுத் திட்டாக முடி; மேலுதட்டின் இடப்பக்கத்தில் ஒரு கொத்து அப்படியே நின்றது. உணர்ச்சியில்லாத பக்கத்தில் கத்தி எங்கே போகிறது என்று கைக்குத் தெரிந்திருக்காது. ஊர் முழுக்க மழித்துவிட்ட மனுஷன் இந்த முகத்தோடு வண்டி ஏறப்போகிறார்.

"கத்தி எங்க?" என்றார் சின்னவர். உள்ளே வந்து அவர் பேசிய முதல் வார்த்தை அது.

அண்ணி திகைத்தாள். "எதுக்கு?"

"இப்படியேவா கூட்டிட்டுப் போவீங்க?"

"இன்னிக்கு வருஷப்பொறப்பு! நல்ல நாளும் அதுவுமா யாராவது சவரம் பண்ணுவாங்களா? கடையே திறக்கமாட்டீங்க நீங்க."

"இது கடை இல்லியே" என்றார் சின்னவர்.

அண்ணி அவர் மனைவியைப் பார்த்தாள். அவர் மனைவி, "வெந்நி இருக்கா அக்கா?" என்றாள். அதோடு அந்த வழக்கு முடிந்தது. பையன் வண்டி பேசப் போயிருந்தான்; அவன் இருந்திருந்தால் ஒருவேளை தடுத்திருப்பான்.

கயிற்றை அவிழ்த்து ஒரு பெட்டிக்குள்ளிருந்து தொழில் பெட்டியை எடுத்தார்கள். சின்னவர் புது பிளேடைப் பாதியாக முறித்துக் கத்தியில் செருகினார். துண்டை அண்ணன் கழுத்தில் போட்டு, மோவாயில் வழிந்திருந்த பச்சடியை முதலில் துடைத்தார். பிரஷ்ஷை வெந்நீரில் நனைத்து நுரை எழுப்பினார். மற்றவர்களுக்கென்றால் கன்னத்தை உப்பச் சொல்லலாம், தோல் தானாக இறுகும். இங்கே உப்ப வழியில்லை. இடது கையின் இரண்டு விரல்களால் கன்னத்தை மேல்நோக்கி இழுத்துப் பிடித்தார். பிடித்ததும் அந்தப் பாதி பழைய இடத்துக்கு ஏறியது. ஒரு கணம் முழு முகம் வந்தது. சின்னவர் அதையும் பார்த்தார். கண்ணைத் திருப்பவில்லை. கத்தி கன்னத்தில் இறங்கி இறங்கி வந்தது.

மேலுதட்டுக்கு வந்தபோது பெரியவர் கையைத் தூக்கி அவர் மணிக்கட்டைப் பிடித்தார். கத்தி நின்றது.

"அ...அன்னிக்கு..." என்றார் பெரியவர். வார்த்தை இடப்பக்கமாகச் சரிந்து ஓடியது. மறுபடி பிடித்து இழுத்தார். "அன்னிக்கு மரக்... மரக்கடை..."

அண்ணிக்குப் புரியவில்லை. "மருந்தா? குடுத்தாச்சே காலையிலயே" என்றாள்.

சின்னவருக்குப் புரிந்தது. பத்துப் பன்னிரண்டு வருஷமாக எதைக் கேட்பதற்குக் காத்திருந்தாரோ அதன் முதல் இரண்டு வார்த்தைகள் அவை. மீதி அந்த வாய்க்குள் திரண்டுகொண்டிருந்தது. கோணல் உதடு அதற்காகத் துடித்தது. கத்தி முனை உதட்டிலிருந்து ஒரு நூல் தூரத்தில் இருந்தது.

"பேசாதண்ணே" என்றார் சின்னவர். "கத்தி இருக்கு."

பெரியவர் மணிக்கட்டை விட்டார். வாயை மூடினார், மூடுகிற பக்கம் மூடியது, மற்ற பக்கத்தைச் சின்னவர் விரலால் மூடிப் பிடித்துக்கொண்டார். மேலுதட்டில் மழிக்க அப்படியொன்றும் அதிகமில்லை. இருந்தும் சின்னவர் கத்தியை அங்கிருந்து எடுக்க வெகுநேரம் எடுத்துக்கொண்டார்.